ஏதுமில்லை என்று நான் எழுதிய காடு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமையோடு நாங்கள் சிகாகோவுக்கு வந்து எட்டு வருஷம் முடிந்தது. அதைக் கொண்டாட என் மனைவி ரெஜினா காலையிலேயே கேசரி கிளறி வைத்துவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனாள். நான் கஞ்சா வைத்திருந்ததாகப் பிடிபட்டேன்.

ஊரில் இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் பதற வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி, ரயில் பாதை ஓரமாக ஒரு காடு இருக்கிறது. நகரத்துக்கு நடுவில் நாற்பது ஏக்கர். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் சர்ச். அந்தக் காட்டை இந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றுகிறார்கள். அதாவது இந்த மண்ணின் செடிகள் எவையோ அவற்றை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளைப் பிடுங்கி எறிகிறார்கள். சனிக்கிழமை தோறும் பத்துப் பதினைந்து தொண்டர்கள் வருவார்கள். தொண்டர்கள் என்றால் நம் ஊர்த் தொண்டர்கள் இல்லை. கொடி கிடையாது, கோஷம் கிடையாது, பொட்டலச் சாப்பாடும் கிடையாது. ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

போன வருஷத்திலிருந்து நானும் போகிறேன். ஏன் போகிறாய் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. வாரம் ஐந்து நாள் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து பிறருடைய வியாதிகளை அகர வரிசையில் அடுக்குகிறேன். ஆறாவது நாள் மண்ணைத் தொட வேண்டும் போலிருக்கிறது.

மே மாதம் பிடுங்க வேண்டிய களைக்கு நான் வைத்த பெயர் பூண்டுக்கடுகு. இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை, கடித்தால் கடுகுக் காரம். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் சமையலுக்கு என்று கொண்டு வந்த செடியாம். அவர்கள் சமைப்பதை மறந்துவிட்டார்கள், செடி முளைப்பதை மறக்கவில்லை. அதை வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பையில் திணித்துக் குப்பைக்கு அனுப்புவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு கீரையை யாராவது குப்பையில் போடுவார்களா? அன்றைக்கு ஒரு பையை நான் எடுத்துக்கொண்டேன். பருப்பு போட்டுக் கடைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

காட்டுக் காவலாளி ஒருவர் வந்தார். புதியவர். பெயர் ஃப்ராங்க் என்று சட்டையில் குத்தியிருந்தது. பையில் என்ன என்று கேட்டார்.

உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் களைக்கு 'வீட்' என்றுதான் சொல்லிக் கொடுத்தார். வயலில் உள்ள களை வீட், அதைப் பிடுங்குவது வீடிங். அது இந்த ஊர்த் தெருவில் வேறொன்றுக்குப் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் சிரித்த முகமாக, "வீட் சார். பை நிறைய வீட்" என்றேன்.

ஃப்ராங்க் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். "நாங்கள் பதினைந்து பேர், சனிக்கிழமை தோறும் உள்ளே போய் எடுக்கிறோம். என் நண்பர்கள் வீணாக்குகிறார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கப் போகிறேன். என் மகளுக்கும் கொடுப்பேன்."

அவர் கை வாக்கி டாக்கிக்குப் போனது.

2

பூங்கா அலுவலகத்தில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பையை மேஜை மேல் கொட்டி, ஃப்ராங்க் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன்.

கஞ்சா இல்லை என்று ஆனது. ஆனால் அதோடு விடுவார்களா? காட்டுக்குள்ளிருந்து எந்தச் செடியையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறதாம். பிடுங்கினால் தொண்டு, எடுத்துப்போனால் திருட்டு. ஒரு படிவம் நீட்டினார்கள். மூன்று பிரதி. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது என்று சொன்னால் நம்புங்கள். நான் உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். மூன்று பிரதிப் படிவம் எனக்குத் தாய்மொழி மாதிரி.

வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னார்கள். ரெஜினா டியூட்டியில் இருந்ததால் என் மகள் எஸ்தர்தான் வந்தாள். பதினொரு வயது. எங்கள் கூட்டத்தை நடத்தும் டோரத்தி, தபால் இலாகாவில் ரிட்டயர் ஆன அம்மாள், அவளைத் தன் காரில் அழைத்து வந்தார். டோரத்தி காவலாளியைத் திட்டிக்கொண்டிருக்க, எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தமிழில் கிசுகிசுத்தாள். ரகசியம் பேச மட்டும்தான் அவளுக்குத் தமிழ் வேண்டும்.

"அப்பா, அந்த வேர்டை சொல்லாதீங்க. ப்ளீஸ். இனிமே எங்கயும் சொல்லாதீங்க."

"சரிம்மா."

"ஸ்கூல்ல யாருக்காவது தெரிஞ்சா நான் செத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "ஏற்கெனவே இந்த மாதிரி மாட்டியிருக்கீங்களா? உங்க ஊர்ல?"

அவள் 'உங்க ஊர்' என்றுதான் சொல்வாள். 'நம்ம ஊர்' என்று நான் திருத்துவேன். அன்றைக்குத் திருத்தவில்லை. ஏனென்றால் அவள் கேட்டதற்குப் பதில் ஆமாம். ஒரு காட்டை வைத்து, ஒரு படிவத்தை வைத்து, நான் ஏற்கெனவே மாட்டியிருக்கிறேன். இதை அவளிடம் அதுவரை சொன்னதில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது சொன்னேன். கீரையை அங்கேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், கை காலி, பேச நேரம் இருந்தது.

3

பெருநகர் என்கிற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ் பாதையில் எங்கள் ஊர். ஊர்த்தெருவைத் தாண்டி எங்கள் காலனி. காலனிக்குப் பின்னால் பதினோரு ஏக்கர் புறம்போக்கில் ஒரு குறுங்காடு. புலி கரடி எதுவும் கிடையாது. ஆள் உயரத்துக்குக் காரை, களா, சூரை என்று முள்ளும் பழமுமாகப் பின்னிக் கிடக்கும். நடுநடுவே வீரை, வெப்பாலை, நொச்சி. காலனியில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுப்புக்கு விறகு, வேலிக்கு முள், ஆட்டுக்குத் தழை, சளிக்கு நொச்சி, உத்திரமேரூர் சந்தையில் விற்க சூரைப்பழம் எல்லாம் அந்தக் காட்டிலிருந்துதான். கூலி இல்லாத மாதங்களில் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள்.

எழுபதுகளின் பின்பாதி. எனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம், தகுதிகாண் பருவம் முடியவில்லை. எங்கள் காலனியிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ரெஜினா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், எஸ்தர் அவள் வயிற்றில்.

அப்போது ஒரு திட்டம் வந்தது. பயன்படாத புறம்போக்குகளைச் சுத்தம் செய்து தைலமரம் நட வேண்டும். இடத்தைப் பற்றிய அறிக்கை போக வேண்டும். விரிவாக்க அலுவலர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் படிவத்தை நிரப்பினேன். கலம் ஏழு: தற்போதுள்ள மரம், செடி, கொடிகளின் விவரம்.

"அங்க என்னய்யா இருக்கு? முள்ளுதானே. ஏதுமில்லைன்னு போடு."

நான் போட்டேன். 'ஏதுமில்லை.' என் கையெழுத்து குண்டாக அழகாக இருக்கும். 'லை'யின் கொம்பை ஒரு சுழி சுழித்து எழுதியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் காட்டில் களாக்காய் தின்று பல் கூசிப்போன வாய்தான் என் வாய். ஆனால் சார் சொன்னார், நான் எழுதினேன்.

எஸ்தர் பஸ் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்களா எழுதினீங்க?"

"நான்தான்."

"பொய்தானே அது?"

"அலுவலகத்தில் அதற்குப் பெயர் அறிக்கை" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

4

பத்து நாள் கழித்து என் அண்ணன் மனைவி அஞ்சலை ஆபீசுக்கு வந்தாள். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். நடவு நட்டாலும் களை பறித்தாலும் அவள்தான் முன்னால் போவாள், மற்றவர்கள் அவள் வேகத்துக்கு ஓட வேண்டும். வாய் அதைவிட வேகம்.

"இன்னா தம்பி, ஃபேனு காத்துல குந்திகினு கீற. அங்க காட்டாண்ட கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிகினு கீறானுங்க. இன்னா சமாச்சாரம்?"

"தைலமரம் நடப் போறாங்க அண்ணி."

"இப்ப கீற மரம்?"

"வெட்டிடுவாங்க. அங்க ஒன்னும் இல்லைன்னு ரிப்போர்ட்டு எழுதப்பட்டிருக்கு."

"ஒன்னும் இல்லியா? எவன் எழுதனவன்?"

"ஆபீசுல" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. எழுதப்பட்டிருக்கிறது, அனுப்பப்பட்டிருக்கிறது, வெட்டப்படும். செயப்பாட்டு வினை என்பது அரசாங்க ஊழியனின் குடை. எந்த மழைக்கும் நனையாமல் நிற்கலாம்.

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. இல்லன்னு எழுதனத்த கீதுன்னு எழுத வெக்கறதுக்கு இன்னா பண்ணணும்? அத்த சொல்லு."

இதற்கு எனக்குப் பதில் தெரியும். தபால் பிரிவு என் கையில் இருந்தது. மெதுவாகச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து ஒரே மனுவில் கைநாட்டு வைத்தால் ஒரே நம்பர்தான் விழும். ஒரு நம்பரை ஒரே நாளில் மூடிவிடுவார்கள். ஆளுக்கொரு மனு, செடிக்கொரு மனு கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட வேண்டும், ரசீது தர வேண்டும், பதில் சொல்ல வேண்டும். மனுவோடு இணைப்பும் வைக்கலாம். முடிவு தெரியும் வரை இணைப்பை அலுவலகம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"எணைப்புன்னா?"

"ஆதாரம் அண்ணி. இருக்குதுன்னு காட்டுறதுக்கு."

"ஆதாரம் நெறைய கீது" என்றாள்.

செடிக்கு ஓர் இலையைக் குத்திக்கொண்டு வருவார்கள் என்று நான் நினைத்தேன். அது என் தப்பு.

என் கையெழுத்து ஆபீசில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் ரெஜினா எழுதினாள். இரண்டு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். ஒவ்வொருத்தியும் ஒரு செடி பெயர் சொல்ல, "ஐயா, மேற்படி இடத்தில் இன்ன செடி உள்ளது, இன்ன உதவி செய்கிறது, கலம் ஏழில் சேர்க்கப் பணிவுடன் வேண்டுகிறேன்" என்று இரண்டு வரி. ஒரே செடிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லிச் சண்டை போட்டார்கள். சண்டையைத் தீர்க்க ரெஜினாவுக்கு நேரமில்லை. இரண்டுக்கும் மனு போட்டாள். கடைசியில் எண்பத்தொரு மனு. அதில் இரட்டைப் பிறவிகள் எத்தனை என்பது இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

5

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். பத்தரை மணிக்கு நாற்பது பெண்கள் ஆபீசுக்குள் நுழைந்தார்கள். காடே நடந்து வந்தது போலிருந்தது. இலை இல்லை, கிளை. சிலர் தலையில் கட்டாகவே கொண்டு வந்திருந்தார்கள்.

நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு முத்திரை குத்த ஆரம்பித்தேன். "மனு ஒன்று, சூரை. இணைப்பு, கிளை ஒன்று. பெறப்பட்டது. அடுத்து." மேஜை நிறைந்தது. நாற்காலிகள் நிறைந்தன. பீரோ மேல் வீரை. டைப்ரைட்டர் மேல் நொச்சி. மேலாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடி வந்தார். நாயுருவிக் கட்டின் மேல் போய் நின்றார். விதை அத்தனையும் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. அன்று முழுக்க அவர் அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். காரை முள் ப்யூன் காலில் ஏறியது. அவர் சத்தம் போட, வரிசையில் நின்ற ஒருத்தி, "அதான் நைனா, ஒன்னும் இல்லாத காட்டு முள்ளு" என்றாள்.

சத்தம் கேட்டு ஒன்றிய ஆணையர் அறையை விட்டு வெளியே வந்தார். கெட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம், எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம். அண்ணி கையில் ஒரு கொடியும் அதில் பொன்னிறமாகப் பத்துப் பன்னிரண்டு காய்களும் இருந்தன. மேலே பூனைமுடி மாதிரி மினுமினுப்பு.

"இது என்னம்மா, வெல்வெட் மாதிரி இருக்கு?" என்று கையை நீட்டினார்.

"அய்ய, அத்த தொடாதீங்க சார்" என்று அண்ணி சொன்னாள். சொன்னாள்தான். ஆனால் தொட்ட பிறகு சொன்னாள்.

பூனைக்காலிக் காயைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த முடி பட்ட இடத்தில் நெருப்பு மாதிரி அரிக்கும். சொரிந்தால் பரவும். ஆணையர் கையைச் சொரிந்தார். கழுத்தைச் சொரிந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். தண்ணீர் ஊற்றினால் இன்னும் அதிகமானது.

"சாணி தடவுனா சரியாப் பூடும் சார்" என்றாள் அண்ணி.

அப்புறம் ஒரு கால் மணி நேரம் உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றிய ஆணையர் முழங்கை வரை சாணி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது பெண்களும் அவரைச் சுற்றி நின்று உண்மையான கவலையோடு விசாரித்தார்கள். ஒருத்தி விசிறினாள். இன்னொருத்தி, அந்தக் காயை முடி நீக்கி வேகவைத்தால் பஞ்ச காலத்தில் திங்கலாம் என்று அவருக்கு விளக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதெல்லாம் அங்கதான் இருக்கா?"

"எல்லாம் அங்கதான் கீது சார்."

"அப்ப ஏதுமில்லைன்னு எழுதியிருக்கே?"

விரிவாக்க அலுவலர் என்னைப் பார்த்தார். நான் முத்திரையைப் பார்த்தேன். ஆணையர் சாணி படாத இரண்டு விரலால் பேனாவைப் பிடித்து, கலம் ஏழை மறுஆய்வு செய்க என்று கோப்பில் எழுதினார். "மொதல்ல எல்லாரையும் வெளிய அனுப்புங்கய்யா" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

"அந்தக் காய் அவருக்குக் கொண்டாந்தது இல்ல" என்றாள். "ஒனக்குக் கொண்டாந்தது. நடுவுல அந்த மனுசன் கைய நீட்டிட்டாரு, பாவம்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கா? எதுக்கு அண்ணி?"

"'ஆபீசுல'ன்னு தலைய குனிஞ்சிகினு சொன்ன பாரு, அப்பவே தெரியும். வெல்லத்த துன்னுட்டு எறும்பு துன்னுடுச்சின்னு சொல்லுவியே, அதே மூஞ்சி." பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "எதிரிகாரன் எழுதனா பொறுத்துக்கலாம் தம்பி. அந்தக் காட்டுல பழம் பொறுக்கித் துன்னு வளந்தவன் எழுதிட்டியே. நம்மள ஒன்னும் இல்லன்னு சொல்ல ஊருல ஆளா இல்ல?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. பஸ் வந்தது, ஏறி முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்பக்கம்.

மறுநாள் காலை ஆணையர் அறைக்குப் போய், கலம் ஏழை எழுதியது நான்தான், தெரிந்தே தவறாக எழுதினேன் என்று சொன்னேன். ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன். செய்வினையில்.

6

மறுஆய்வுக்கு என்னையும் விரிவாக்க அலுவலரையும் அனுப்பினார்கள். ஐந்து நாள் அண்ணி முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் எழுதிக்கொண்டே போனோம். ஒவ்வொரு செடிக்கும் விலைமதிப்பு போட வேண்டும் என்று விதி. நாயுருவிக்கு என்ன ரேட்? சங்கமுள்ளுக்கு என்ன ரேட்? மேலிடத்தைக் கேட்டு எழுதினோம். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, மதிப்பு போடாமல் வெட்ட முடியாது என்பதால் கோப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்றும் எங்கோ ஒரு மேஜையில் யாரோ நாயுருவியின் விலையை யோசித்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பு நிற்பதற்கு முன்பே காண்ட்ராக்ட் ஆள் சாலைப் பக்கம் மூன்று ஏக்கரை வெட்டிவிட்டான். வெப்பாலை அதிகம் இருந்தது அந்தப் பக்கம்தான். மிச்சம் எட்டு ஏக்கர் தப்பியது. லாரியில் வந்து இறங்கிய தைலமரக் கன்றுகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஆபீஸ் காம்பவுண்டைச் சுற்றி நட்டார்கள். சில வருஷத்தில் ஆபீஸ் கிணறு வற்றிப்போனது என்று கேள்வி.

எனக்கு மெமோ வந்தது. தகுதிகாண் பருவத்தை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். கடற்கரைப் பக்கம் இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு மாற்றினார்கள். எஸ்தர் பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ரெஜினாவுக்குத் தெரிந்தபோது, போகாதே என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. அதற்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னாலும் பொய், படவில்லை என்று சொன்னாலும் பொய்.

அண்ணி என்னோடு பேசினாளா என்று எஸ்தர் கேட்டாள். பேசினாள். நாங்கள் விமானம் ஏறப் போகும்போது ஒரு பை நிறைய நொச்சி இலை கொண்டு வந்து கொடுத்தாள், குளிர் ஊராம், சளி பிடிக்குமாம் என்று. ஆனால் காட்டைப் பற்றி இரண்டு பேரும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே டோரத்தி விடவில்லை. மூன்று வாரம் எழுதி, போன் பண்ணி, நேரில் போய் நின்று, களையை வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். இந்த மாநகரத்திலேயே அந்தச் சீட்டு வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். அட்டையில் என் போட்டோ கூட இருக்கிறது. கீரை கடைந்தால் லேசாகக் கசக்கிறது. பூண்டு தாளிக்க வேண்டாம், அது ஒரு லாபம். எஸ்தர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு என்னோடு காட்டுக்கு வந்தாள். ஃப்ராங்கைப் பார்த்ததும் எனக்கு முன்னால் போய் நின்று, "எங்கப்பாகிட்ட சீட்டு இருக்கு" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சீட்டைக் கேட்கவே இல்லை.

7

நேற்று அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சர் எழுதியது. டீச்சர் ஓர் எழுத்துகூடத் திருத்தாமல் அப்படியே எழுதியிருக்கிறார். எஸ்தருக்குப் படித்துக் காட்டினேன்.

"தம்பிக்கு அஞ்சல எழுதறது. எல்லாம் சொகம். நம்ம காட்டுக்கு இப்ப மதிப்பு வந்துட்ச்சி. எங்கிருந்தோ காலேஜு ஆளுங்க வந்து பாத்துட்டு அபூர்வமான செடிங்க கீதுன்னு சொல்லிட்டாங்களாம். பாதுகாக்கப்பட்ட எடம்னு போர்டு வெச்சிட்டாங்க. இரும்பு கேட்டு போட்டு பூட்டு போட்டுட்டாங்க. பூட்டு நல்ல பூட்டு. வேலிதான் இன்னும் போடல. நாங்க பக்கத்தால பூந்து போயிட்டு வந்துகினு கீறோம்.

"போன வாரம் வாட்சரு பாத்துட்டான். சின்ன வயசு. இன்னா திருட வந்தியான்னு என்னைய கேட்டான். மடியில கீற சூரப்பழத்த கீழ கொட்டச் சொன்னான். கொட்டிட்டேன். வாயத் தொறந்து ஒன்னும் பேசல தம்பி, எனக்கே ஆச்சரியமா இருந்திச்சி. வூட்டுக்கு வந்துதான் அழுதேன்.

"பக்கத்தால இனிமே போறதா இல்ல. கேட்டு வழியாத்தான் போவணும். அதுக்கு இன்னா எழுதணும்னு நீ எழுதி அனுப்பு. ஒனக்குத்தான் தெரியும்."

படித்து முடித்ததும் எஸ்தர் எழுந்து போய், பள்ளிக்கூட நோட்டிலிருந்து கோடு போட்ட ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பேனாவும் கொடுத்தாள்.

அனுப்புநர் என்று எழுதி அண்ணியின் பெயரைப் போட்டேன். பெறுநர் போட்டேன். பொருள் போட்டேன். ஐயா என்று ஆரம்பித்து, கை பழகிய வேகத்தில், "பணிவுடன் வேண்டிக்கொள்வது என்னவென்றால்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

எஸ்தர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "பணிவுடன்னா என்னப்பா?"

தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தலையைக் குனிந்து காட்டினேன்.

அவள் அதை யோசித்தாள். "அவங்க எதுக்குக் குனியணும்?"

ஒன்றிய ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதிய எந்த மனுவிலும், எழுதிக் கொடுத்த எந்த மனுவிலும் அந்த வார்த்தை இல்லாமல் இருந்ததில்லை. அது இல்லாத மனுவுக்கு நம்பர் போடுவார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனாலும் அதை அடித்தேன்.